கிங், ரிங், ஸ்பிரிங்: ரைமிங் சொற்களோடு ஆங்கிலம் தொடங்குவது எப்படி?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் "ரைமிங் வேர்ட்ஸ் ஐந்து எழுதுக" என்று, அதாவது ஒரே ஓசையில் முடியும் சொற்கள் ஐந்து கேட்டு வந்தால் பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியில் தேடி, கிடைத்த பட்டியலை நோட்டில் இறக்கிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஐந்து சொற்களும் ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று பிள்ளைக்குத் தெரியாது. அவற்றின் பொருளும் தெரியாது. ஆங்கிலம் வாசிக்கக் கற்பதற்கு இதைவிடக் குறுக்கு வழி குறைவு என்பதால் இந்தப் பயிற்சி வீணாகப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்காகவும், வளர்ந்தபின் ஆங்கிலத்தை அடியிலிருந்து படிக்க உட்கார்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலை இரண்டு: ஒலியைக் காதால் பிடிக்க வேண்டும், பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நோட்டும் பேனாவும் இதற்குப் பிறகுதான்.

முதலில் காதைப் பழக்குங்கள்

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ரைமிங் ஆக வேண்டுமானால், அழுத்திச் சொல்லும் உயிரொலி தொடங்கிச் சொல்லின் கடைசி வரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் மாற வேண்டும். கிங், ரிங் இரண்டிலும் 'இங்' பொது. முன்னால் க், ர் மாறியிருக்கின்றன.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு பொறி உண்டு. எதுகையில் வளர்ந்தவர்கள் நாம். முதலெழுத்து அளவொத்து நின்று இரண்டாம் எழுத்து ஒன்றினால் நமக்குப் போதும். அதனால் பட்டர், பெட்டர், பிட்டர் மூன்றும் நம் காதுக்குப் பொருந்தியே ஒலிக்கும். ஆங்கிலத்தில் அவை மூன்றும் ரைமிங் இல்லை, ஏனென்றால் அழுத்தம் விழும் உயிரொலி மூன்றிலும் வேறு. பட்டர் (வெண்ணெய்) ஷட்டரோடும் கட்டரோடும் சேரும். பெட்டர் (மேலான) லெட்டரோடும் ஸ்வெட்டரோடும் சேரும். பிட்டர் (கசப்பான) கிளிட்டரோடு (மினுமினுப்பு) சேரும். நம் யாப்பில் இதற்கு நெருக்கமானது அடியின் கடைசியில் ஓசை ஒன்றிவரும் இயைபுதான். அதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும்.

எழுதுவதற்கு முன் சில நாள் வாய்மொழியாகவே ஒரு விளையாட்டை ஆடுங்கள். மூன்று சொற்களைச் சொல்லி, சேராத ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்: வின், ஃபின், சிட். அல்லது ஹில், கிங், மில். பிள்ளை எழுத்தைப் பார்க்கக் கூடாது. 1983-இல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதே மாதிரியான சோதனையில்தான் தொடங்கியது. நான்கைந்து வயதில் சேராத சொல்லைக் காதால் பிரித்தறிந்த குழந்தைகள், பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நின்றார்கள். ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துக் கற்பித்த குழு இன்னும் நன்றாக முன்னேறியது. ஆகவே காது பழகிய பிறகு எழுத்து கட்டாயம் வர வேண்டும்.

முதல் குடும்பம்: 'இங்'

எல்லாரும் 'கேட்' (பூனை), 'பேட்' (மட்டை) என்றுதான் தொடங்குவார்கள். நான் 'இங்' குடும்பத்தை, அதாவது 'இங்' என்று முடியும் சொற்களை, பரிந்துரைப்பேன். இந்த ஒலி நமக்குச் சிறிதும் புதிதில்லை, எழுத்துக்கூட்டலும் மாறுவதே இல்லை: ஐ, என், ஜி. அதன் முன்னால் ஓர் எழுத்தையோ இரண்டையோ மூன்றையோ வைத்தால் சொல் தயார்.

கிங் – அரசன்
ரிங் – மோதிரம், மணி அடி
சிங் – பாடு
விங் – சிறகு
திங் – பொருள்
பிரிங் – கொண்டு வா
ஸ்டிங் – (தேள், தேனீ) கொட்டு
ஸ்விங் – ஊஞ்சல், ஆடு
ஸ்டிரிங் – நூல், கயிறு
ஸ்பிரிங் – வசந்தம், நீரூற்று, சுருள்கம்பி, துள்ளு

பட்டியல் இவ்வளவுதான். இனிதான் உண்மையான வேலை. பத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல், இரண்டு மூன்றை ஒரே வாக்கியத்தில் கோத்துப் பாருங்கள். "த கிங் லாஸ்ட் ஹிஸ் ரிங் இன் த ஸ்பிரிங்." அரசன் மோதிரத்தைத் தொலைத்தது வசந்தத்திலா, ஊற்றிலா? இந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள். ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு, பக்கத்திலிருக்கும் சொற்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன என்பது இலக்கணப் பாடம் இல்லாமலே புரிந்துவிடும்.

ஒலி ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிங் இறந்தகாலத்தில் சேங் ஆகும், ரிங் ரேங் ஆகும். ஸ்டிங் ஸ்டங் என்றும் ஸ்விங் ஸ்வங் என்றும் மாறும். பிரிங் மட்டும் குடும்பத்தை விட்டே வெளியேறி பிராட் என்றாகிவிடும். ஒவ்வொரு சொல்லையும் எழுதும்போது, வினையாக இருந்தால் அதன் இறந்தகால வடிவத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். பின்னால் படப்போகும் பெரிய சிரமம் இதனால் மிச்சமாகும்.

நோட்டில் தமிழெழுத்தில் உச்சரிப்பு வேண்டாம்

இந்தக் கட்டுரையில் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். எலிக்கும் 'ரேட்' என்று எழுதுவோம், விலை வீதத்துக்கும் 'ரேட்' என்றுதான் எழுதுவோம். பூனையும் கேட், வாசல் கதவும் கேட். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிக் குடும்பங்கள், ஒன்றோடொன்று ஒருபோதும் ரைமிங் ஆகாதவை. எலியைச் சொல்லும்போது வாய் நன்றாகத் திறக்க வேண்டும். ஏ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் நிற்கிற ஒலி அது. வீதத்தைச் சொல்லும்போது எ-வில் தொடங்கி இ-யை நோக்கி நழுவ வேண்டும், 'ரெய்ட்' என்பதுபோல. இனி இந்தக் கட்டுரையில் இரண்டாம் வகையை லெய்ட், டெய்ட், கெய்ட் என்றே எழுதுகிறேன்.

கடைசி மெய்யிலும் இதே தொல்லை. முதுகும் 'பேக்', பையும் 'பேக்'. தொப்பியும் 'கேப்', வாடகை வண்டியும் 'கேப்'. பையும் வாடகை வண்டியும் அதிரும் ஒலியில் முடிகின்றன. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அந்த அதிர்வு தெரியும். இன்னொரு குறிப்பு இதைவிட எளிது: அதிரும் மெய்க்கு முன்னால் உயிரொலி சற்று நீளும். பையைச் சொல்லும்போது நீட்டுங்கள், முதுகைச் சொல்லும்போது வெட்டுங்கள். விலையும் பரிசும் இப்படித்தான். விலை என்னும் பிரைஸ், ரைஸ் (அரிசி), ஐஸ், மைஸ் (எலிகள்), நைஸ், ட்வைஸ் (இருமுறை) ஆகியவற்றோடு சேரும். பரிசு என்னும் பிரைஸ் இஸட் எழுத்தின் அதிரும் ஒலியில் முடிவதால் சைஸ் (அளவு), வைஸ் (அறிவுள்ள), ரைஸ் (எழு), ஐஸ் (கண்கள்) ஆகியவற்றோடு சேரும். பேச்சுத் தமிழ்ப் பழக்கத்தில் 'கப்பு', 'பஸ்ஸு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டால் எந்த ரைமிங்கும் கெட்டுவிடும். அதை முதல் வாரத்திலேயே கவனியுங்கள்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஷிப் (கப்பல்), ஷீப் (செம்மறியாடு). ஃபுல் (நிறைந்த), ஃபூல் (முட்டாள்) என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தடையில்லை. பிற மொழியினர் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நோட்டை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். ஆங்கில எழுத்தில் சொல், எதிரே தமிழில் பொருள், கீழே சொந்த வாக்கியம். உச்சரிப்புக்கு எழுத்து வேண்டாம். அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்டால் போதும்.

அடுத்து எந்தக் குடும்பங்கள்?

ரிச்சர்ட் வைலி, டொனால்ட் டரல் என்ற அமெரிக்கர்கள் இருவர் 1970-இல் ஒரு கணக்குக் காட்டினார்கள். வெறும் 37 இறுதிக் கூறுகளைக் கொண்டே தொடக்க வகுப்புச் சொற்களில் ஏறத்தாழ 500-ஐ அமைத்துவிடலாம். 'இங்' அவற்றில் ஒன்று. 500 சொல்லைத் தனித்தனியாகப் படிப்பதற்கும் 37 முடிவுகளைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்-குக்குப் பிறகு 'இல்' எடுக்கலாம்: ஹில் (குன்று), மில் (ஆலை), ஃபில் (நிரப்பு), ஸ்பில் (சிந்து), ஸ்கில் (திறன்), வில் (மன உறுதி, உயில்). பிறகு 'இங்க்': பிங்க், ட்ரிங்க் (குடி), திங்க் (சிந்தி), சிங்க் (மூழ்கு, கழுவுதொட்டி), லிங்க் (இணைப்பு). இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம்.

கொஞ்சம் நிற்க வேண்டிய இடம், கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ எழுத்து. கிட் (கருவித்தொகுப்பு) என்ற சொல்லின் கடைசியில் ஈ சேர்த்தால் கைட் (பட்டம்). ஃபின் (மீனின் துடுப்பு) ஃபைன் (நன்று, அபராதம்) ஆகும். ஹாப் (ஒற்றைக்காலில் குதி) ஹோப் (நம்பிக்கை) ஆகும். டேப் (குழாய்) டெய்ப் (ஒட்டுநாடா) ஆகும். அந்த ஈ தான் பேசாமல் முந்தைய உயிரொலியை மாற்றிவிடுகிறது. ஒரு குடும்பம் அப்படியே இன்னொரு குடும்பமாக மாறுவதைப் பிள்ளைகள் மந்திரம்போல ரசிப்பார்கள். அட்டையில் சொற்களை எழுதி, ஈ-க்கு மட்டும் தனி அட்டை வைத்துச் சேர்த்துச் சேர்த்து எடுங்கள்.

எழுத்து வேறு, ஒலி ஒன்று

இங்கிருந்து பாதை கரடுமுரடாகும். 'ஐட்' என்று முடியும் சொற்களைப் பாருங்கள். நைட் (இரவு), லைட், ரைட் (சரி, வலது), ஃபைட் (சண்டை), டைட், பிரைட் (ஒளிமிக்க) ஆகியவை நடுவில் ஜி, ஹெச் என்ற இரண்டு ஒலிக்காத எழுத்துகளைச் சுமந்துகொண்டு வரும். கைட், ஒயிட் (வெள்ளை), பைட் (கடி) ஆகியவை ஒலிக்காத ஈ-யோடு வரும். ஹைட் (உயரம்) ஜி, ஹெச்-ஐச் சுமந்தாலும் அவற்றுக்கு முன்னால் ஈ, ஐ என்று தன் வழியில் எழுதப்படும். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த ஜி, ஹெச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலியாக உண்மையாகவே பலுக்கப்பட்டவை. ஒலி தேய்ந்து போயிற்று, எழுத்து தங்கிவிட்டது.

'ஏர்' குடும்பம் இன்னும் வளமானது. ஹேர் (முடி), சேர் (நாற்காலி), கேர் (அக்கறை), பேர் (கரடி), பேர் (பேரிக்காய்), வேர் (அணி), வேர் (எங்கே), தேர் (அங்கே), ஸ்டேர் (படி), ஸ்க்வேர் (சதுரம்): பத்து சொற்களும் ஒரே குடும்பம், எழுத்துக்கூட்டலோ குறைந்தது நான்கு விதம். கரடியைப் போலவே எழுதப்படும் நியர் (அருகில்), ஹியர் (கேள்), ஃபியர் (பயம்) ஆகியவை வேறு குடும்பம். டி, ஈ, ஏ, ஆர் என்ற நான்கெழுத்தோ இரண்டு வீட்டிலும் உண்டு. டியர் என்றால் கண்ணீர், டேர் என்றால் கிழி. வாக்கியம் முழுவதையும் பார்க்காமல் அதை வாசிக்கவே முடியாது.

முழுதும் ஒரே ஒலியில் அமைந்த சொற்களும் உண்டு. சீ என்றால் பார், சீ என்றால் கடல். நைட் என்றால் இரவு, நைட் என்றால் குதிரைவீரன். முன் மெய்யும் மாறாததால் இவை ரைமிங் கணக்கில் வராது. வீட்டுப்பாடத்தில் எழுதினால் ஆசிரியர் தவறு என்று குறிப்பது நியாயம்தான்.

எழுத்து ஒன்று, ஒலி வேறு

கண்ணை நம்பினால் அதிகம் ஏமாறுவது இங்கே. ஓ, யூ, ஜி, ஹெச் என்று முடியும் சொற்களைக் கேட்டால் நம்ப முடியாது. தோ (இருந்தாலும்) கோ-வோடு சேரும். த்ரூ (ஊடாக) ப்ளூவோடு சேரும். ரஃப் (கரடான) ஸ்டஃப்-ஓடு சேரும். காஃப் (இருமல்) ஆஃப்-ஓடு சேரும். பவ் (மரக்கிளை) கவ் (பசு) என்பதோடு சேரும். இதேபோல கோம் (சீப்பு), டூம் (கல்லறை), பாம் (வெடிகுண்டு) மூன்றும் எழுத்தில் உடன்பிறப்புகள், ஒலியில் அந்நியர்கள். மூன்றிலும் கடைசி பி ஒலிப்பதில்லை.

இரட்டை ஓ வரும் சொற்களை மூன்று தொகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபூட் (உணவு), மூட் (மனநிலை) நெடில். குட், வுட் (மரக்கட்டை), ஸ்டுட் (நின்றான்) குறில். ப்ளட் (இரத்தம்), ஃப்ளட் (வெள்ளம்) அகர ஒலி. உணவை நாம் 'ஃபுட்' என்று குறுக்கிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அப்படிக் குறுக்கினால் அது பாதத்தைக் குறிக்கும் சொல்லுக்கு நெருங்கிவிடும்.

காரணம் தெரிந்தால் எரிச்சல் குறையும். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்த பிறகு, ஆங்கில எழுத்துக்கூட்டல் அச்சின் வழியே மெல்ல இறுகத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில்தான், ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையே, ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தன. எழுத்து நின்ற இடத்திலேயே நிற்க, ஒலி நகர்ந்துவிட்டது. லவ் (அன்பு), மூவ் (நகர்) போன்று கண்ணுக்கு மட்டும் பொருந்தும் இணைகளை ஆங்கிலேயர் கண் ரைமிங் என்றே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். படிப்பவர் செய்ய வேண்டியது, அன்றாடம் வரும் ஏமாற்றுக்காரர்களைத் தனிப்பக்கத்தில் எழுதி வைப்பது. செட் (சொன்னான்) பெட், ரெட் என்பவற்றோடு சேரும், பெய்ட் (செலுத்தினான்) என்பதோடு சேராது. கம் (வா) ஹோம்-ஓடு சேராது. வன் (ஒன்று) சன்-ஓடு சேரும், போன் (எலும்பு) என்பதோடு சேராது. வொர்க் (வேலை) ஃபோர்க் (முள்கரண்டி) என்பதோடு சேராது.

நீண்ட சொற்களில் அழுத்தம் எங்கே?

நம்மவர் பேச்சில் அதிகம் தவறுவது இது, வழிகாட்டிகளில் குறைவாகச் சொல்லப்படுவதும் இதுதான். டெய்பிள் (மேசை), கெய்பிள், ஸ்டெய்பிள் (நிலையான, குதிரை லாயம்) ஒரே குடும்பம். எழுத்தைப் பார்த்தால் காய்கறியும் வசதியும் அதில் சேர வேண்டும். அதனால்தான் 'வெஜிடேபிள்', 'கம்ஃபோர்ட்டேபிள்' என்கிறோம். அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில் விழுகிறது, பின்னால் உள்ளவை சுருங்கிவிடுகின்றன: வெஜ்டபிள், கம்ஃப்டபிள்.

வில்லேஜ், மேரேஜ், டேமேஜ், லக்கேஜ் என்று நாம் நீட்டுவதும் இதே பழக்கம். பெய்ஜ் (பக்கம்), ஸ்டெய்ஜ் (மேடை), கெய்ஜ் (கூண்டு) ஆகியவற்றில் நெடிது ஒலிக்கும் அந்த முடிவு, அழுத்தமில்லாத இடத்தில் 'இஜ்' என்று குறுகும்: வில்லிஜ், மேரிஜ், டேமிஜ், லக்கிஜ். பர்ச்சேஸ் (வாங்கு) செய்ஸ்-ஓடு (துரத்து) சேராது, அது பர்ச்சஸ். இந்த ஐந்தாறு சொற்களைத் திருத்திக்கொண்டாலே பேச்சு கணிசமாகத் தெளியும். நேர்காணலுக்குத் தயாராகும் இளைஞர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பொருளோடு வரும் ரைமிங்

தனிச்சொற்கள் பழகிய பிறகு, ரைமிங்கால் நினைவில் தங்கிய தொடர்களுக்குப் போங்கள். இவை நாளிதழிலும் அலுவலகப் பேச்சிலும் அன்றாடம் வருபவை.

ஹெய்ஸ்ட் மெய்க்ஸ் வெய்ஸ்ட் – பதறாத காரியம் சிதறாது என்று நாம் சொல்வது. தமிழில் எதுகை, ஆங்கிலத்தில் ரைமிங், வேலை ஒன்றே.
நோ பெய்ன், நோ கெய்ன் – வருத்திக்கொள்ளாமல் பயன் கிடைக்காது.
எ ஃப்ரெண்ட் இன் நீட் இஸ் எ ஃப்ரெண்ட் இண்டீட் – இடுக்கண் களைவதாம் நட்பு.
வேர் அண்ட் டேர் – பயன்பாட்டால் வரும் தேய்மானம். உத்தரவாத அட்டையில் இந்தத் தொடரைப் பார்த்திருப்பீர்கள். இங்கே டேர் என்பது கிழிதல், கண்ணீர் இல்லை.
ஃபேர் அண்ட் ஸ்க்வேர் – நேர்மையாக, முறைப்படி.
ஹை அண்ட் ட்ரை – கைவிடப்பட்ட நிலை. நீர் வடிந்து தரையில் சிக்கிய கப்பலிலிருந்து வந்த தொடர். நாம் நட்டாற்றில் விட்டான் என்போம்.

பெரியவர்களுக்கு ஆர்வமூட்டும் இன்னொன்று, கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த காக்னி ரைமிங் வழக்கு. படிக்கட்டு என்னும் ஸ்டேர்ஸ்-ஐ 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பார்கள். ஃபோனை 'டாக் அண்ட் போன்' என்பார்கள், நாயும் எலும்பும். சில தொடர்களில் ரைமிங் சொல்லையே வெட்டிவிடுவார்கள். லுக் (பார்வை) என்பதற்கு 'புட்சர்ஸ் ஹுக்', இறைச்சிக்கடைக்காரரின் கொக்கி. பேச்சில் கொக்கி விழுந்துவிட, 'ஹேவ் எ புட்சர்ஸ்' என்றால் ஒரு பார்வை பார் என்று பொருள். லண்டனுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. மற்றவர்கள் பயன்படுத்த வேண்டிய தேவையில்லை.

சந்தேகம் வந்தால்

இரண்டு சொற்கள் ரைமிங்கா என்ற ஐயம் வந்தால் அகராதியில் உச்சரிப்புக் குறியீட்டைப் பாருங்கள். மேலே உள்ள சிறு செங்குத்துக் கோட்டை அடுத்து வருவது அழுத்தம் விழும் அசை. அந்த அசையின் உயிரொலி தொடங்கிக் கடைசி வரை இரண்டு சொல்லுக்கும் குறியீடு ஒன்றாக இருந்தால் அது ரைமிங். குறியீடு படிக்கத் தெரியாவிட்டாலும், பொருத்திப் பார்க்கக் கண் போதும். இணையத்தில் ரைமிங் தேடும் தளங்கள் நீண்ட பட்டியல் தரும். அதில் பாதி, ஆங்கிலேயரே அன்றாடம் பயன்படுத்தாத சொற்கள். பொருள் பார்த்து வாக்கியம் அமைக்க முடிந்ததை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். மன்த் (மாதம்), ஆரஞ்ச், சில்வர் ஆகியவற்றுக்கு அன்றாட ஆங்கிலத்தில் முழு ரைமிங் கிடையாது. தேடிக் களைக்க வேண்டாம்.

பிரிட்டன் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் சில இடங்களில் பிரியும். அகராதியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே தொடர்ந்து கேளுங்கள். பிள்ளைகள் பாடும் ஏ, பி, சி, டி எழுத்துப் பாட்டில் கடைசி எழுத்து மட்டும் ஓசை ஒட்டாமல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பாட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அந்த எழுத்தின் பெயர் 'ஸீ'; ஜி, பி, வி என்ற முந்தைய முடிவுகளோடு கச்சிதமாகச் சேரும். நம் பள்ளிகளில் பிரிட்டன் வழக்கப்படி 'இஸட்' என்பதால் ரைமிங் உடைகிறது. பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்துக் கேட்டால், காது பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த குடும்பத்துக்குப் போகலாம்.